அப்பாவின் வண்டிக்கு முளைத்த கொம்பு

அன்பு மகளுக்கு அம்மா எழுதுவது. உன் அப்பாவின் தோளைத் தவிர இங்கே எல்லாம் சுகமாக இருந்தது, இப்போது அந்தத் தோளும் சுகம் என்று சொல்லத்தான் இந்தக் கடிதம். நீயும் மாப்பிள்ளையும் வேளாவேளைக்குச் சாப்பிட்டு நன்றாகத் தூங்குகிறீர்கள் என்று நம்புகிறேன். உன் வீட்டை இதுவரை போட்டோவில்தான் பார்த்திருக்கிறேன். வந்தால் என் வண்டியில்தான் வருவேன் என்று உன் அப்பா மூன்று வருடமாக ஒற்றைக்காலில் நிற்கிறார், ஆனால் முப்பது கிலோமீட்டர் போவதற்குள் தோள் இறுகி, மணிக்கட்டு மரத்துப்போய், ஓரமாக நிறுத்திக் கையை உதறுவார். பின்னால் இருக்கும் நான் பார்க்காத மாதிரி வேறு பக்கம் திரும்பிக்கொள்வேன்.

போன மாதம் டாக்டர் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார், இப்படிக் குனிந்துதான் ஓட்டுவீர்கள் என்றால் நெடுந்தூரப் பயணத்தையே மறந்துவிடுங்கள் என்று. மெக்கானிக்கைக் கேட்டால் உயரமான ஹேண்டில்பார் மாட்டினால் நிமிர்ந்து உட்காரலாம் என்கிறார். உன் அப்பா கேட்டால்தானே! "இருபத்தாறு வருஷமா ஓடுற வண்டிக்கு இப்பப் போய் கொம்பு முளைக்கணுமா?" என்று முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டார். ஒரு ஆணி மாறினாலும் அது வேறு வண்டியாம். பத்து நாள் பொறுத்துப் பார்த்தேன், பிறகு சாப்பிடும்போது சொல்லிவிட்டேன், என்னிடம் தைக்க வருகிறவர்களுக்குத் தொப்பை போட்டால் சட்டையைத்தான் பிரித்துத் தைக்கிறேன், ஆளையா பிரிக்க முடியும் என்று. மனுஷருக்குச் சிரிப்பு வந்து புரையேறிவிட்டது. சரி, நீயே அளவெடு என்றார்.

அவரை வண்டியில் நிமிர்ந்து உட்காரவைத்து, கண்ணை மூடிக் கையை எங்கே சுகமோ அங்கே நீட்டச் சொல்லி, பழைய கைப்பிடியில் இருந்து உள்ளங்கை வரை டேப்பை வைத்துப் பார்த்தேன். சரியாக இரண்டு அங்குலம். ஆனால் துண்டுச்சீட்டில் நான் எழுதியது மூன்றரை! தையலுக்காக ஒன்றரை அங்குலம் கூட்டி எழுதியே பழகிய கை, எனக்குத் தெரியாமலே கூட்டிவிட்டது. மெக்கானிக்கும் நம்பி அதை மாட்டிவிட்டார். உன் அப்பா ஏறி உட்கார்ந்தால் பஸ் கம்பியைப் பிடித்துத் தொங்குகிறவர் மாதிரி இருந்தது. அதோடு போகவில்லை, இடப்பக்கம் முழுதாகத் திருப்பினால் ஆக்சிலேட்டர் கேபிள் இழுபட்டு எஞ்சின் தானாகவே உறும ஆரம்பித்தது. "யாருங்க அளவெடுத்தது?" என்று மெக்கானிக் கேட்க, உன் அப்பா கொஞ்சமும் யோசிக்காமல் நான்தான் என்றார். அதற்குமேல் வாயை மூடிக்கொண்டிருக்க முடியுமா, நடந்ததைச் சொன்னேன். ஹேண்டில்பாருக்குத் தையல் விட்ட ஆளை இன்றுதான் பார்க்கிறேன் என்று மெக்கானிக் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார், ஸ்பேனர் கீழே விழுந்தது.

பிறகு இரண்டு அங்குல உயரத்தில் ஒன்றை மாட்டினார். பழைய கேபிளே போதுமானதாக இருந்தது, எந்தப் பக்கம் திருப்பினாலும் இழுக்கவில்லை. நேற்று காலை என்னையும் ஏற்றிக்கொண்டு கிளம்பினார். பத்து கிலோமீட்டருக்கு ஒருமுறை வலிக்கிறதா, வலிக்கிறதா என்று முதுகில் தட்டிக் கேட்டேன், பதிலே இல்லை. கோபமோ என்று எட்டிப் பார்த்தால் மனுஷர் விசிலடித்துக்கொண்டிருக்கிறார்! திரும்பி வரும்போது நம் தெருவையே தாண்டிப் போய்விட்டார், நானும் சொல்லவில்லை. தொண்ணூறு கிலோமீட்டர், ஒரு இடத்தில்கூடக் கையை உதறவில்லை. எனக்கு எவ்வளவு சந்தோஷம் என்று எழுதத் தெரியவில்லை.

உன்னிடம் போனில் சொன்னால் வேண்டாம், பஸ்ஸில் வாருங்கள் என்பாய், அவரும் நீ சொன்னால் கேட்டுவிடுவார். அதனால்தான் கடிதம். இது உன் கைக்கு வர நாலு நாள் ஆகும், நாங்கள் நாளை காலை கிளம்புகிறோம், மெதுவாக வந்தாலும் ஐந்து நாள். இனி நீ தடுக்க நினைத்தாலும் நாங்கள் பாதி வழிக்கு மேல் வந்திருப்போம்.

நீயும் மாப்பிள்ளையும் நூறு வயது வரை ஒற்றுமையாக வாழ வேண்டும். மறக்காதே, வந்து இறங்கியதும் முதலில் அப்பாவிடம் வண்டி அழகாக இருக்கிறது என்று சொல், அதற்குப் பிறகு என்னைக் கட்டிப்பிடித்துக்கொள். உன் வீட்டு வாசலை நான் நேரில் பார்க்கப்போகிறேன் அம்மா.

பெட்டி கட்டிக்கொண்டே எழுதும்,
உன் அம்மா