கைப்பிடி இல்லாத படிக்கட்டு

அப்பாவுக்கு,

என் வீட்டிலிருந்து அம்மா எப்போது திரும்புவாள் என்று மறுபடியும் போன் செய்தீர்கள். முறிந்த இடுப்பெலும்பு கூடிவிட்டதா என்று ஒருமுறைகூடக் கேட்கவில்லை.

நீங்கள் கட்டிய கண்ணாடி வீட்டைப் பார்க்க மினியாபோலிஸுக்கு எங்கிருந்தெல்லாமோ ஆட்கள் வந்தார்கள். மற்றவர்கள் கட்டியதை மட்டும் "மனிதரை மறந்த கட்டடம்" என்று பத்திரிகையில் கிழித்தீர்கள். மாடிப்படிக்குக் கைப்பிடி வேண்டும் என்று அம்மா கேட்டபோது என்ன சொன்னீர்கள்?

"பார்த்து நடக்கத் தெரியாதவங்களுக்கு நான் வீடு கட்டறதில்ல, நோரீன்."

வீட்டுக்கு வந்திருந்த உங்கள் மாணவர்கள் சிரித்தார்கள். அம்மாவும் சேர்ந்து சிரித்தாள். இந்த ஜனவரியில் அந்தப் படியில்தான் விழுந்தாள்.

நேற்று நீங்கள், "பத்திரிகைக்காரங்க வீட்டைப் படம் எடுக்க வர்றாங்க, அவ பக்கத்துல இருந்தா நல்லாயிருக்கும்" என்றதை அவளிடம் அப்படியே சொன்னேன்.

"அந்தக் கண்ணாடிக்குள்ள முப்பது வருஷம் ஊர் பார்க்கத் தூங்கினேன். போதும்டி. அவரை மட்டும் எடுத்துக்கச் சொல்லு" என்றாள்.

பிறகு ஊன்றுகோலைப் பிடித்து எழுந்துபோய், என் சின்ன அறையின் தடித்த திரையை அவளே இழுத்து மூடினாள். இன்று மத்தியானமாகியும் இன்னும் தூங்குகிறாள். நான் எழுப்பப்போவதில்லை.

இப்படிக்கு,
அவளுடைய மகள்