அப்பாவின் தலை ஆறி வருகிறது

அன்புள்ள மகளுக்கு அம்மா எழுதுவது. இங்கே நான் நலம், தையல் மெஷின் நலம், உன் அப்பாவும் கழுத்துக்குக் கீழே பரிபூரண நலம். நீயும் அங்கே வேளைக்குச் சாப்பிட்டு நேரத்துக்குத் தூங்கி நன்றாக இருக்கிறாய் என்று நம்புகிறேன், நம்புவதைத் தவிர இவ்வளவு தூரத்திலிருந்து நான் வேறென்ன செய்ய முடியும்.

அன்றைக்கு நீ போனில் அழுதபோது நான் ஒரு வார்த்தை ஆறுதல் சொல்லவில்லை என்று உனக்குக் கோபம் இருக்கும். கல்யாணத்துக்குக் குறித்த தேதியைத் தள்ளிப் போடலாம் என்று அந்தப் பிள்ளை திடீரென்று சொல்கிறார், காரணம் கேட்டால் முழிக்கிறார், தினமும் சாயங்காலம் பால்கனிக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு யாருடனோ பேசுகிறார், நடுநடுவே சிரிப்புச் சத்தம் வேறு கேட்கிறது, நிச்சயம் வேறொருத்தி இருக்கிறாள், தள்ளிப் போடுவானேன், கல்யாணமே வேண்டாம் என்று முகத்துக்கு நேராகச் சொல்லிவிடப் போகிறேன் என்றாய். நான் அடுப்பில் பால் பொங்குகிறது என்று சொல்லிப் போனை வைத்துவிட்டேன். அடுப்பில் பாலே இல்லை. உன் அப்பா எதிர் நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். மறுநாள் நூல் வாங்கப் போகிற சாக்கில் தெருவில் நின்றுதான் உன்னைக் கூப்பிட்டேன், ஒரு கடிதம் வரும், அது கைக்கு வருகிறவரை அந்தப் பிள்ளையிடம் ஏதும் சொல்லித் தொலைக்காதே என்று மட்டும் கேட்டுக்கொண்டேன். அப்போதே சொல்லியிருக்கலாமே என்பாய். நடுத்தெருவில் நாலு வார்த்தையில் சொல்லியிருந்தால் அவரைக் காப்பாற்ற அம்மா கதை கட்டுகிறாள் என்றுதான் நினைத்திருப்பாய். இது கதை கட்டி வருகிற விஷயம் இல்லை, அவ்வளவு கற்பனை எனக்குக் கிடையாது.

விஷயம் இதுதான். உன் அப்பா தலையில் முடி நட்டுக்கொண்டு வந்திருக்கிறார். ஆமாம், உன் அப்பாதான். பிரஷர் பார்த்துவிட்டு வருகிறேன் என்று காலையில் சட்டை மாட்டிக்கொண்டு போனவர், இருட்டுகிற நேரத்துக்குப் பின்மண்டையில் கட்டும் உச்சியில் சிவப்புச் சிவப்பாய்ப் புள்ளிகளுமாக வந்து நின்றார். பின்னாலிருந்து முடியை வேரோடு எடுத்து முன்னால் நட்டிருக்கிறார்களாம். பிரஷருக்கு இப்போதெல்லாம் தலையில்தான் ஊசி போடுகிறார்களா என்று கேட்டேன். கிண்டல் பண்ணாதே, அதிர்ச்சி கூடாதுன்னு டாக்டர் சொல்லியிருக்கார் என்றார். அதிர்ச்சி அவருக்கா எனக்கா என்று நான் கேட்கவில்லை.

அதற்குப் பிறகு வீடு வீடாக இல்லை, அவருடைய தொழிற்சாலை ஆகிவிட்டது. அங்கே வாசலில் நின்று ஹெல்மெட் இல்லாத ஒருத்தரையும் உள்ளே விடாத பாதுகாப்பு அதிகாரி இல்லையா, அந்த வித்தையை எல்லாம் இங்கே இறக்கினார். படுக்கையறைக் கதவில் ‘தலை அருகே கை வீசிப் பேசாதீர்’ என்று எழுதி ஒட்டினார். இந்த வீட்டில் கை வீசிப் பேசுகிறவள் நான் ஒருத்திதான். மட்டமாகப் படுக்கக் கூடாது என்றதால் தலையணைகளை அடுக்கி அதில் சாய்ந்து, ராஜசபையில் உட்கார்ந்த மாதிரியே தூங்கினார். குனியக் கூடாது, வியர்க்கக் கூடாது, வெயில் படக் கூடாது, சொறியவே கூடாது, உப்புத் தண்ணீர் ஸ்ப்ரேயை மட்டும் அடிக்கடி அடித்துக்கொண்டே இருக்க வேண்டும். பனியனைத் தலைவழியாகப் போட முடியாது என்பதால் எல்லாவற்றையும் முன்பக்கம் வெட்டிப் பட்டன் வைத்துத் தைத்துக் கொடுத்தேன், இத்தனை வருஷத் தையலில் பனியனுக்குக் காஜா எடுத்தது இதுதான் முதல் தடவை. தொழிற்சாலையில் இருக்கிற மாதிரி ஒரு ‘விபத்தில்லா நாட்கள்’ பலகையை ஃபிரிட்ஜ் மேல் வைத்துத் தினமும் எண்ணை மாற்றினார். ஒருநாள் சமையலறை அலமாரிக் கதவில் மண்டையை லேசாக இடித்துக்கொண்டு, அவரே போய்ப் பூஜ்யம் போட்டுவிட்டு, கதவைத் திறந்து வைத்தது யார் என்று விசாரணை நடத்தினார். குற்றவாளி யார் என்று உனக்கே தெரியும்.

நெற்றி வீங்கி, அந்த வீக்கம் இறங்கிக் கண்ணுக்கு வந்து, முகம் பன் மாதிரி ஆனது. அப்படி ஆகும், தானாக வடியும் என்று டாக்டர் முதலிலேயே சொல்லித்தான் அனுப்பியிருக்கிறார். ஆனால் உன் அப்பாவுக்கு எச்சரிக்கைகள் எல்லாம் மற்றவர்களுக்காக எழுதப்படுபவை. வேலைக்குத் திரும்பியபோதுதான் பெரிய வேடிக்கை. கொஞ்ச காலம் தலையை எதுவும் அழுத்தக் கூடாது, ஹெல்மெட் போட முடியாது. ஹெல்மெட் இல்லாமல் உள்ளே போகக் கூடாது என்பது அவர் போட்ட சட்டம். ஆக, தன் சட்டத்தாலேயே வாசல் அறையில் காவலாளியோடு உட்கார்ந்திருந்தார். தலையில் ஒரு சின்ன ஆபரேஷன் என்று மட்டும் சொல்லி வைத்தாராம். அது வாசலிலிருந்து கடைசி ஷெட்டுக்குப் போவதற்குள், ஹெல்மெட் சாரே ஹெல்மெட் போடாமல் போய் மண்டையை உடைத்துக்கொண்டார் என்றாகிவிட்டது. வெல்டர்கள் பழப்பையோடு வீட்டுக்கு வந்து நாற்காலி நுனியில் உட்கார்ந்து, எங்களுக்கெல்லாம் இது ஒரு பாடம் சார் என்று சொல்லிவிட்டுப் போனார்கள். அவர் கண்ணை மூடித் தலையாட்டாமல், ஆட்டக் கூடாதே, கையை மட்டும் உயர்த்தி ஏற்றுக்கொண்டார். பழம் நன்றாக இருந்தது.

இதெல்லாம் சிரிக்க. இனி எழுதுவதை நிதானமாகப் படி. ஒரு காலையில் எழுந்து பார்த்தால் தலையணை முழுக்கக் குட்டிக் குட்டி முடி. நட்டது உதிர்கிறது. நட்ட முடி ஒருமுறை உதிரும், வேர் உள்ளேயே இருக்கும், சில மாதம் கழித்துத் திரும்பவும் முளைக்கும், பயப்படாதீர்கள் என்று டாக்டர் இதையும் சொல்லியிருந்தார். இருந்தாலும் அந்த முடிகளைப் பொறுக்கி உள்ளங்கையில் வைத்துக்கொண்டு கட்டில் ஓரத்தில் அவர் உட்கார்ந்திருந்த கோலத்தைப் பார்த்தபோது எனக்குக் கிண்டல் வரவில்லை. ஆஸ்பத்திரிக்குப் போன் செய்யவும் வழியில்லை. ஏற்கெனவே அத்தனை தடவை கூப்பிட்டிருக்கிறார், குரலைக் கேட்டாலே அந்த நர்ஸ் பெண், எல்லாம் நார்மல்தான் சார் என்று சொல்லி வைத்துவிடுகிறாள். கொஞ்ச நேரத்தில் குளியலறைக்குள் போய்த் தாழ்ப்பாள் போட்டுக்கொண்டு யாரையோ கூப்பிட்டார். தம்பி, நான்தான் பேசறேன், உதிருதுப்பா, எல்லாம் உதிருது என்றார். சின்ன வயதில் உனக்குக் காய்ச்சல் ஏறி ஆஸ்பத்திரியில் போட்டிருந்தபோது கேட்ட குரல் அது, அதற்குப் பிறகு அவரிடம் நான் கேட்டதில்லை.

அந்தத் தம்பி யார் என்று இன்னுமா புரியவில்லை? உன் ஆள்தான். அவர் இந்த வீட்டுக்கு முதன்முதலாக வந்த அன்று உன் அப்பா அவருடைய மொட்டைத் தலையைப் பார்த்து, இந்த வயசிலேயே தலை இப்படின்னா மத்ததெல்லாம் எப்படியோ என்று சொன்னாரே, நீ பையைத் தூக்கிக்கொண்டு கிளம்பினாயே, அன்றிலிருந்து அப்பாவும் பெண்ணும் முகம் கொடுத்துப் பேசவில்லையே, அதே தலை. நீ உள்ளே பை கட்டிக்கொண்டிருந்தாய், அதனால் அந்தப் பிள்ளை சொன்ன பதில் உனக்குக் கேட்கவில்லை. கோபமே படாமல், நானும் ஒருதரம் நட்டுப் பார்த்தேன் அங்கிள், அப்புறம் மருந்தெல்லாம் ஒழுங்காப் போடலை, சுத்தி இருந்ததும் கொட்டிடுச்சு, சரி போகட்டும்னு மழிச்சிட்டேன் என்றார். உன் அப்பா முகத்தைத் திருப்பிக்கொண்டார், ஆனால் காதைத் திருப்பவில்லை போலிருக்கிறது. கல்யாணத்துக்கு வர மாட்டேன் என்று சொன்ன மனுஷன், இக்கட்டு என்றதும் தேடிப் பிடித்தது அவருடைய நம்பரைத்தான். அந்தப் பிள்ளை முடி நட்டது உனக்குத் தெரியாது என்று நினைக்கிறேன், கேட்டு அவரைச் சங்கடப்படுத்தாதே, அவராகச் சொன்னால் முதல் தடவை கேட்கிற மாதிரியே கேள்.

அன்றிலிருந்து தினமும் பேச்சுதான். அரிக்குதுப்பா என்பார் இவர், கை வெச்சிடாதீங்க அங்கிள், ஸ்ப்ரே அடிங்க என்பார் அவர். பின்மண்டை மரத்துப் போயிருக்கே என்பார், எனக்கும் அப்படித்தான் இருந்தது, மெதுவா உணர்வு வரும் என்பார். இங்கே இவர் குளியலறையில், அங்கே அவர் பால்கனியில். பேச்சு தலையிலிருந்து தொழிற்சாலைக்குப் போனது, வெல்டர்கள் பழம் கொண்டுவந்த கதையை இவர் சொல்லச் சொல்ல அந்தப் பிள்ளை விழுந்து விழுந்து சிரித்திருக்கிறார். நீ கதவுக்கு இந்தப் பக்கம் நின்று கேட்ட சிரிப்பு அதுதான். இங்கே உன் அப்பாவும் சிரித்தார், எனக்கு மெஷினை நிறுத்திவிட்டுப் போய்ப் பார்க்க வேண்டியிருந்தது. நீ என்னடா என்றால் மொட்டைத் தலைக்கும் முழங்காலுக்கும் முடிச்சுப் போட்டு அதில் ஒருத்தியையும் உட்கார வைத்துவிட்டாய்.

கல்யாணத்தைத் தள்ளி வைக்கச் சொன்னவரும் உன் அப்பாதான். ஒரு ஆறு மாசம் தள்ளி வைக்க முடியுமா தம்பி, அதுக்குள்ள முளைச்சிடும், நானும் வந்து நிப்பேன், அவகிட்ட மட்டும் சொல்லிடாதீங்க என்று கெஞ்சாத குறையாகக் கேட்டார். மாப்பிள்ளை தலையைப் பழித்துவிட்டு, நட்டும் முளைக்காத தலையோடு சபையில் வந்து நிற்க வெட்கம். மயிரைக் கட்டி மலையை இழுப்பது என்பார்கள், உன் அப்பா உன் கல்யாணத்தையே கட்டி இழுத்திருக்கிறார். அந்தப் பிள்ளை ஏன் சரி என்றார் தெரியுமா? உங்க பொண்ணு அப்பா வரலைன்னு ராத்திரியில அழறா அங்கிள், நீங்க வர்றதா இருந்தா நான் எவ்வளவு திட்டு வேணும்னாலும் வாங்கிக்கிறேன் என்றாராம். இதை உன் அப்பாவே என்னிடம் சொன்னார். நீ அழுகிறாய் என்று நாங்கள் தெரிந்துகொண்டதே அப்போதுதான், எங்களிடம் வீராப்பாகத்தானே பேசினாய். உன் அப்பாவுக்கு வாக்குக் கொடுத்துவிட்டு உன்னிடம் வாயைத் திறக்க முடியாமல் அந்தப் பிள்ளை நீ சந்தேகப்பட்டதையும் சேர்த்துச் சுமந்துகொண்டு நிற்கிறார்.

நீ அழுது சொன்ன பிறகு எனக்குப் பொறுக்கவில்லை. ஞாயிற்றுக்கிழமை தலை கழுவுகிற நேரம் பார்த்துப் பிடித்தேன். தானே கழுவிக்கொள்ளலாம் என்று டாக்டர் எப்போதோ சொல்லியாகிவிட்டது, இவர்தான் இன்னும் என் கையால் நுரையைத் தடவிச் சொம்பால் மெல்ல ஊற்றினால்தான் ஆகும் என்கிறார். கண்ணை இறுக்கி மூடி, ஸ்டூலில் குந்தி, எழுந்து ஓட முடியாத நிலையில் இருந்தார். உங்க பொண்ணு கல்யாணத்தையே நிறுத்தப் போறா, உங்க தலையால என்றேன். எல்லாவற்றையும் சொன்னேன், பால்கனியைச் சொன்னேன், வேறொருத்தி என்று நீ நினைப்பதைச் சொன்னேன். நான் சொல்லி முடிப்பதற்குள் நுரை காய்ந்துவிட்டது. சொம்பைக் கையில் வைத்துக்கொண்டு நின்றேன். கண்ணைத் திறக்காமலே, அந்தப் பிள்ளையையா அப்படி நினைச்சா என்று கேட்டார். உன்மேல் கோபம், அவருக்காக. இந்த வீட்டில் அவருக்குப் பரிந்து பேச ஒரு ஆள் கிடைத்துவிட்டது, அது யார் என்று பார்த்துக்கொள்.

துண்டால் ஒற்றி எடுத்தபோது கண்ணாடியில் தலையைப் பார்த்துக்கொண்டார். பொருக்கெல்லாம் உதிர்ந்து தோல் ஆறிவிட்டது, முடி ஒன்றும் இல்லை, முன்பைவிடக் கொஞ்சம் பளபளப்பு. இன்னும் முளைக்கலை என்றார். இல்லை என்றேன். முளைக்காட்டி என்ன, அப்பன் அப்பன்தானே, பழைய தேதியிலேயே வெச்சுக்கச் சொல்றேன் என்றார். இதையே நான் முதல் நாளிலிருந்து சொல்லிக்கொண்டிருக்கிறேன், ஆனால் இந்த வீட்டில் அவர் வாயால் வந்தால்தான் அது உண்மை. சோப்பு கண்ணில் பட்டுவிட்டது என்று சொல்லி முந்தானையால் துடைத்துக்கொண்டேன்.

இப்போதும் உன்னிடம் சொல்லக் கூடாது என்றுதான் உத்தரவு. காரணம் சொல்லாமல் தள்ளிப் போட்ட பிள்ளை, காரணம் சொல்லாமலேயே பழைய தேதிக்குத் திரும்பினால் நீ அதற்கும் ஒரு சந்தேகத்தைக் கண்டுபிடிப்பாய், உன்னைப் பெற்றவள் எனக்குத் தெரியாதா, அதனால்தான் உத்தரவை மீறி எழுதுகிறேன். நீயும் அவரும் குறையில்லாமல், ஒருவர் பேச்சை ஒருவர் கதவைத் திறந்து வைத்துக் கேட்டுக்கொண்டு நீண்ட காலம் வாழ வேண்டும். கல்யாண உடுப்புக்கு அளவு அனுப்பு, துணி எடுத்தாகிவிட்டது. இதைப் படிக்கிற அன்றைக்குச் சாயங்காலம் அந்தப் பிள்ளை பால்கனிக்குப் போகும்போது நீயும் கூடப் போ. போனை வாங்கி, அப்பா என்று ஒரு வார்த்தை சொல். அவர் ஒன்றும் பேச மாட்டார், கொஞ்ச நேரம் மூச்சுச் சத்தம்தான் கேட்கும், வைத்துவிடாமல் காத்திரு.

இப்படிக்கு,
உன்னை நினைத்துக்கொண்டே இருக்கும்
அம்மா