சக்கரப் பூங்காவும் தண்ணீர்ப் பூங்காவும்

மார்ச் 3

அன்புள்ள லிஃப்ட்காரருக்கு,

இங்கே எல்லோரும் நலம். நேற்று ஃபோனில் நான் கத்தியதை மனதில் வைத்துக்கொள்ளாதீர்கள். கோபத்தில் கத்தவில்லை, பாதிக்கு மேல் கேட்காததால் கத்தினேன். இடது காது சுத்தமாகக் கேட்காது, வலது காதில் மெஷின் என்பது உங்களுக்குத் தெரியாததா? அந்த மெஷினுக்கும் ஃபோனுக்கும் என்றைக்குமே ஆகாது. நீங்கள் லிஃப்ட் மாட்டுகிற அந்த ஆஸ்பத்திரிக் கட்டடத்தில் யாரோ ஓயாமல் சுவரைத் துளைத்துக்கொண்டிருக்கிறார்கள் வேறு. நீங்கள் "சக்கரம்" என்றது எனக்குச் "சர்க்கரை" என்று கேட்டது. அது எதற்கு என்று நான் கேட்க, நீங்கள் சலித்துக்கொள்ள, கடைசியில் இருவருமே வைத்துவிட்டோம். ஜூனில் கல்யாணம் ஆகும்வரை முக்கியமானதை எழுதியே பேசிக்கொள்வோம். தபால் மூன்று நாளில் வந்துவிடுகிறது.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். "கல்யாணத்துக்கு முன்னாடி நாலு நாள் எங்கயாவது ஒண்ணா போய்ட்டு வாங்க. பக்கத்து அறையில நாங்க இருக்கோம். சண்டை வர்றதா இருந்தா இப்பவே வந்துடட்டும்" என்று உங்கள் அக்கா சொன்னதில் எனக்கு எவ்வளவு சந்தோஷம் தெரியுமா? அவர் சொன்ன ஊரில் நெடுஞ்சாலைக்கு இந்தப் பக்கம் சக்கரப் பூங்கா, அந்தப் பக்கம் தண்ணீர்ப் பூங்கா. எதிரும் புதிருமாக நின்றுகொண்டு, ஒருவர் வாசலில் பலூன் கட்டினால் மற்றவர் இரண்டு பலூன் கட்டுகிறாராம். ஒன்றில் நுழைவுச் சீட்டாகத் தருகிற கைப்பட்டையைக் கட்டிக்கொண்டால் நான்கு நாளும் அங்கேயேதான். அதனால் முன்கூட்டியே முடிவு செய்ய வேண்டும்.

என் ஓட்டு தண்ணீருக்கு. நாள் முழுவதும் குளத்தில் நின்று மற்றவர்களுக்கு நீச்சல் சொல்லித் தருகிறேன். யாருக்கும் சொல்லித் தராமல் நான்கு நாள் நானே மிதக்க வேண்டும். அலை வருகிற குளம்கூட அங்கே இருக்கிறதாம். நீங்கள் என்ன சொல்கிறீர்கள்?

உங்கள்
நீர்க்கோழி


மார்ச் 8

என் நீர்க்கோழிக்கு,

கடிதம் கிடைத்தது. கையெழுத்து, பரீட்சைத் தாள் மாதிரி அழகாக இருக்கிறது. என்னுடையதைப் பார்த்துச் சிரிக்காதே, கிரீஸ் கையோடு எழுதுகிறேன். நான்கு லிஃப்டில் இரண்டு ஓடுகிறது. மூன்றாவது, ஐந்தாம் மாடியில் நிற்கச் சொன்னால் ஐந்துக்கும் ஆறுக்கும் நடுவில் நின்று யோசிக்கிறது. பொறியாளர் என்னை முறைக்கிறார், நான் லிஃப்டை முறைக்கிறேன்.

பூங்கா விஷயம். எனக்குச் சக்கரப் பூங்காதான் சரி என்று படுகிறது. அங்கே ஒரு ராட்டினம் இருபது மாடி உயரமாம். அதன் மோட்டாரைப் பக்கத்தில் நின்று பார்க்க வேண்டும் என்று எனக்கு ரொம்ப நாளாக ஆசை. தண்ணீர்ப் பூங்காவில் ஆயிரம் பேர் இறங்கிய தண்ணீரில் நாமும் இறங்க வேண்டும். நீ தினமும் தண்ணீரில்தானே இருக்கிறாய்? விடுமுறையிலுமா? கொஞ்சம் காய்ந்துகொள்ளேன்.

உன்
லிஃப்ட்காரன்


மார்ச் 12

அன்புள்ள லிஃப்ட்காரருக்கு,

காய்ந்துகொள்ளச் சொன்னதற்குச் சிரித்தேன். ஆனால் ஒப்புக்கொள்ள மாட்டேன். ஆயிரம் பேர் இறங்கிய தண்ணீரைச் சுத்தம் செய்வது எப்படி என்று எனக்கு நீங்கள் சொல்லித் தர வேண்டியதில்லை. தினமும் காலையில் குளோரின் பார்த்துவிட்டுத்தான் நான் விசிலையே ஊதுகிறேன். அங்கே வேலை செய்கிற ஒருத்தி என்னோடு பயிற்சி எடுத்தவள். அம்மாவை விட்டு ஃபோனில் கேட்கச் சொன்னேன். தண்ணீர் அவ்வளவு சுத்தமாம்.

உங்களுக்கு ராட்டினம் ஆசை என்றால் நான் தடுக்கவில்லை. இரண்டு நாள் உங்கள் பூங்கா, இரண்டு நாள் என் பூங்கா. இரண்டு நாள் கைப்பட்டையும் தருகிறார்களாம், விசாரித்துவிட்டேன். ராட்டினத்தில் உங்களோடு உட்கார்ந்து அலறவும் நான் தயார். சரிதானே? அக்காவிடம் சொல்லி அறையைப் பேசிவிடட்டுமா?

உங்கள் குளத்துக்காரி,
நீர்க்கோழி


மார்ச் 17

நீர்க்கோழிக்கு,

இரண்டு நாள் அங்கே, இரண்டு நாள் இங்கே என்றால் அலைச்சல். மூட்டையைக் கட்டி அவிழ்க்கவே நேரம் போய்விடும். அதோடு எனக்கு இந்தக் குளோரின் ஒத்துக்கொள்ளாது. தோலில் தடிப்பு வரும். அத்தானுக்கும் தண்ணீர் என்றால் அவ்வளவாகப் பிடிக்காது என்று நினைக்கிறேன். பெரியவர்களோடு போகிறோம், நாலு பேருக்கும் தோதாகப் பார்க்க வேண்டாமா?

நாள் முழுவதும் இங்கே ஆளாளுக்கு ஒன்று சொல்லி என் தலையை உருட்டுகிறார்கள். நீயும் சேர்ந்துகொள்ளாதே. இந்த ஒரு தடவை விட்டுக்கொடு. கல்யாணத்துக்குப் பிறகு நீ சொல்கிற இடத்துக்கெல்லாம் வருகிறேன்.

லிஃப்ட்காரன்


மார்ச் 21

அன்புள்ளவருக்கு,

மூட்டை கட்டுவதா? இரண்டு பூங்காவுக்கும் நடுவில் ஒரே ஒரு சாலை! நடந்தால் பத்து நிமிடம். ஒரே அறையில் தங்கிக்கொண்டு இரண்டுக்கும் போகலாம்.

குளோரினால் தடிப்பு வரும் என்கிறீர்கள். நாம் அறிமுகமானதே எங்கள் கட்டடத்து லிஃப்ட் நின்றுபோய் நீங்கள் பழுதுபார்க்க வந்த அன்றைக்குத்தான். வேலை முடிந்ததும் "கொஞ்சம் குளிச்சிட்டுப் போகட்டுமா?" என்று கேட்டுக் குளத்தில் ஒரு மணி நேரம் கிடந்தீர்கள். ஒரு தடிப்பையும் நான் பார்க்கவில்லை. அத்தானுக்குத் தண்ணீர் பிடிக்காது என்கிறீர்கள். போன வாரம் அக்கா வந்திருந்தபோது, "இவர் அலைக்குளத்துக்குன்னே புதுசா கால்சட்டை வாங்கிட்டாரு" என்று சொல்லிச் சிரித்தார்.

முதலில் அழுக்கு, பிறகு அலைச்சல், பிறகு தோல், பிறகு அத்தான். நான் ஒன்றுக்குப் பதில் சொன்னால் நீங்கள் அடுத்ததை எடுக்கிறீர்கள். தினம் முப்பது குழந்தைகளைப் பார்க்கிறேன். தண்ணீரில் இறங்கப் பயப்படுகிற குழந்தை பயம் என்று சொல்லாது, வயிறு வலிக்கிறது என்று சொல்லும். உங்களுக்கு உண்மையில் என்ன வலிக்கிறது? நேராகச் சொல்லுங்கள். எதுவாக இருந்தாலும் நான் கோபித்துக்கொள்ள மாட்டேன்.

நீர்க்கோழி


மார்ச் 26

நீர்க்கோழிக்கு,

சக்கரப் பூங்காவில் நாலு பேருக்கும் நான்கு நாள் பதிவு செய்துவிட்டேன். இதற்கு மேல் பேச்சு வேண்டாம்.

எதற்கெடுத்தாலும் ஏன், எதற்கு என்று தோண்டிக்கொண்டே இருந்தால் மனிதன் என்னதான் செய்வான்? உனக்காகத்தான் யோசிக்கிறேன் என்பது உனக்குப் புரியவே இல்லையா? தண்ணீரில் இறங்கினால் மெஷினைக் கழற்ற வேண்டும். முடியை அள்ளி நீச்சல் தொப்பிக்குள் திணிக்க வேண்டும். அக்கா பின்னாலிருந்து கூப்பிடுவாள், நீ திரும்ப மாட்டாய். என்னடா இது என்று அவள் என்னைக் கேட்டால் நான் என்ன சொல்வது? ராட்டினத்தில் அந்தத் தொல்லை இல்லை. எல்லோரும் கத்திக்கொண்டிருப்பார்கள், யாருக்கும் யார் பேசுவதும் கேட்காது. நான்கு நாள் நிம்மதியாகப் போய்விட்டு வரலாம். இவ்வளவுதான் விஷயம். இப்போது திருப்தியா?

லிஃப்ட்காரன்


மார்ச் 30

அன்புள்ளவருக்கு,

அக்கா ஏன் கேட்க வேண்டும்?

பிப்ரவரியில், நிச்சயத்துக்கு முன்னால், "உன் காது விஷயத்த வீட்ல எல்லார்கிட்டயும் சொல்லிட்டேன், யாரும் ஒண்ணும் நினைக்கல" என்று என் எதிரே நின்று சொன்னீர்கள். வாயைப் பார்த்துப் புரிந்துகொள்கிறவள் நான். அந்த வார்த்தைகளை நான் தவறாகப் பார்த்திருக்க முடியாது. அதை நம்பித்தான் என் அம்மா உங்கள் அம்மாவிடம் அந்தப் பேச்சையே எடுக்கவில்லை.

சொன்னீர்களா, இல்லையா? ஒரு வார்த்தையில் பதில் எழுதினால் போதும்.


ஏப்ரல் 4

என் நீர்க்கோழிக்கு,

இல்லை. சொல்லவில்லை.

சொல்ல வேண்டும் என்று ஒவ்வொரு முறையும் நினைத்துக்கொண்டுதான் வீட்டுக்குப் போனேன். அம்மா ரத்த அழுத்த மாத்திரை போட்டுக்கொண்டிருந்தாள், அன்று வேண்டாம் என்று விட்டேன். அடுத்த முறை அப்பா யார் மேலோ எரிந்து விழுந்துகொண்டிருந்தார். பிறகு நிச்சயமே முடிந்துவிட்டது. அதற்குப் பிறகு சொன்னால் "இவ்வளவு நாள் ஏன் சொல்லல?" என்று கேட்பார்களே என்று இன்னும் பயம். கல்யாணம் ஆகிவிட்டால் உன்னோடு பழகிப் பழகி அவர்களே புரிந்துகொள்வார்கள் என்று கணக்குப் போட்டேன். உன்னிடம் பொய் சொன்னது தப்பு. உன்னைக் குறைவாக நினைத்து மறைக்கவில்லை, அதை மட்டும் நம்பு.

உடனே பதில் எழுது. திட்டியாவது எழுது.

உன்
லிஃப்ட்காரன்


ஏப்ரல் 14

என் அருமை நீர்க்கோழிக்கு,

பத்து நாளாகத் தபால்காரரை வாசலிலேயே மறிக்கிறேன். உன் கடிதம் இல்லை. பரவாயில்லை. நான் சொல்லப்போவதைக் கேட்டால் நீ பறந்து வருவாய்.

ஞாயிற்றுக்கிழமை லீவு போட்டுவிட்டு ஊருக்குப் போனேன். அம்மா, அப்பா, அக்கா, அத்தான் எல்லோரையும் கூடத்தில் உட்கார வைத்து உடைத்துச் சொல்லிவிட்டேன். அம்மா, "அவ்வளவுதானா? நீ மூஞ்சிய வச்சிருந்த லட்சணத்துக்கு கல்யாணமே நின்னுபோச்சுன்னு பயந்துட்டேன்" என்றாள். அப்பா, மெஷினுக்கு பேட்டரி எங்கே கிடைக்கும் என்று விசாரித்தார். அக்காதான் பெரிய ஆள்! "எனக்கு நிச்சயத்தன்னிக்கே தெரியும்டா. இந்தப் பக்கம் நின்னு கூப்பிட்டேன், திரும்பல. அந்தப் பக்கம் போய்க் கூப்பிட்டேன், சிரிச்சா. அதுலேர்ந்து அவளுக்கு வலது பக்கமாத்தான் உட்கார்றேன். நீயா வாயத் திறப்பேன்னு பார்த்துக்கிட்டிருந்தேன்" என்றாள். ரெண்டே மணி நேரத்தில் கண்டுபிடித்திருக்கிறாள் பார்!

ஆக, பிரச்சினை தீர்ந்தது. சக்கரப் பூங்காவை ரத்து செய்துவிட்டேன். நாலு பேருக்கும் தண்ணீர்ப் பூங்கா, நாலு நாள். அலைக்குளத்தைப் பார்த்த மாதிரி அறை. இப்போதாவது சிரிப்பாயா? மூன்றாவது லிஃப்டும் சரியாகிவிட்டது என்பது உபரிச் செய்தி.

என்றும் உன்
லிஃப்ட்காரன்


ஏப்ரல் 22

அன்புள்ளவருக்கு,

உங்கள் இரண்டு கடிதங்களும் வந்தன. இரண்டாவதை எத்தனை தடவை படித்தேன் என்று தெரியாது. உங்கள் வீட்டாரை நினைத்து எனக்கு அழுகை வந்தது. பேட்டரி விசாரித்த உங்கள் அப்பாவுக்கு என் வணக்கத்தைச் சொல்லுங்கள்.

பிரச்சினை தீர்ந்தது என்று எழுதியிருக்கிறீர்கள். எனக்கு அது அங்கேதான் ஆரம்பித்தது. உங்கள் அம்மாவுக்கு இல்லாத கூச்சம், அக்காவுக்கு இல்லாத கூச்சம், உங்கள் ஒருவருக்கு மட்டும் இருந்திருக்கிறது. அவர்கள் என்ன நினைப்பார்களோ என்று நீங்கள் பயந்ததாகச் சொல்கிறீர்கள். அவர்கள் எதுவும் நினைக்கவில்லை. அப்படியென்றால் அந்த நினைப்பு யாருடையது?

நிச்சயத்தன்று காலையில் நான் முடியைத் தூக்கிக் கட்டியிருந்தேன். நீங்கள் வந்து, "விரிச்சு விட்டுக்கோயேன், அதுதான் உனக்கு அழகு" என்றீர்கள். எனக்கு அப்படிச் சொல்லக்கூட ஒருவர் இருக்கிறாரே என்று, அவிழ்த்துவிட்டுக் கண்ணாடி முன்னால் மூன்று முறை போய் நின்றேன். அன்றைக்கு எடுத்த படத்தை இப்போது பார்க்கிறேன். என் காது தெரியவே இல்லை.

உங்களைக் கெட்டவர் என்று நான் யாரிடமும் சொல்லவில்லை, சொல்லவும் மாட்டேன். கேட்டால் தருகிறவர், சிரிக்க வைக்கிறவர். ஆனால் உங்களோடு வெளியே போகும்போதெல்லாம், இந்த இடத்தை ஏன் தேர்ந்தெடுத்தார், இந்தப் பக்கம் ஏன் உட்காரச் சொன்னார் என்று நான் பார்த்துக்கொண்டே இருப்பேன். நீங்கள் உண்மையாகவே ஆசைப்பட்டு அழைத்துப்போனாலும் பார்ப்பேன். அப்படி ஒரு வாழ்க்கை எனக்கு வேண்டாம், உங்களுக்கும் வேண்டாம். கல்யாணத்தை நிறுத்திவிடலாம் என்று அம்மாவிடம் சொல்லிவிட்டேன். மறுநாள் அம்மாவே நிச்சய மோதிரத்தைத் துடைத்து ஒரு டப்பாவில் வைத்துக் கொடுத்தாள். அது தனித் தபாலில் வருகிறது.

தண்ணீர்ப் பூங்காவுக்கு நான் வரவில்லை. நீங்கள் மூவரும் போய்வாருங்கள். அத்தான் பாவம், ஆசைப்பட்டுப் புதுக் கால்சட்டை வாங்கியிருக்கிறார்.

இன்னொன்றையும் நீங்கள் என் மூலமாகவே தெரிந்துகொள்ள வேண்டும். வியாழக்கிழமை அக்கா குளத்துக்கு வந்திருந்தார். சமாதானம் பேச வந்திருக்கிறார் என்று நினைத்து நான் பதிலையெல்லாம் தயார் செய்துகொண்டிருந்தேன். அவர் பெஞ்சில் என் வலது பக்கம் வந்து உட்கார்ந்து, "அவன் விஷயத்துல நீ என்ன முடிவு எடுத்தாலும் நான் குறுக்க வரமாட்டேன். நான் வந்தது வேற. நாற்பத்தொரு வயசாச்சு, கழுத்தளவு தண்ணிய நினைச்சாலே நடுங்குது. எனக்கு நீச்சல் சொல்லித் தருவியா?" என்று கேட்டார். தருவேன் என்றேன்.

இன்று முதல் வகுப்பு. மெஷினைக் கழற்றிப் பெட்டியில் வைத்துவிட்டு நான் முதலில் இறங்கினேன். அக்கா படிக்கட்டின் கம்பியை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு நின்றார். பிறகு குனிந்து, என் முகத்துக்கு நேராக வந்து, உதடு நன்றாகத் தெரியும்படி, "ஆழமா?" என்று கேட்டார்.

"இல்லக்கா, இடுப்பளவுதான்" என்றேன்.

கம்பியை விட்டுவிட்டு இறங்கினார்.

உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

இப்படிக்கு,
நீச்சல் ஆசிரியை