இரைச்சலை நிறுத்திய பிறகு

அன்புள்ள தம்பிக்கு,

நானும் அப்பாவும் சௌக்கியம். உன் சௌக்கியத்தை இந்த முறையாவது ஒரு வரிக்கு மேல் எழுது. போன கடிதத்தில் கம்ப்யூட்டரைத் தண்ணீரால் குளிரவைக்கும் பம்ப்பைப் பற்றி ஒன்றரைப் பக்கம் எழுதிவிட்டு, உன்னைப் பற்றி ‘நன்றாக இருக்கிறேன்’ என்று முடித்துவிட்டாய். பம்ப்பின் உடல்நிலை தெரிந்த அளவுக்கு உன் உடல்நிலை எனக்குத் தெரியவில்லை.

நீ ஃபாக்டரி வேலைக்கு வெளியூர் போகுமுன் சேர்த்துக் கொடுத்த கம்ப்யூட்டர் பெட்டி நன்றாகத்தான் ஓடுகிறது. வேலைதான் மாறிவிட்டது. வானொலி நிலையத்தின் பழைய ஒலிநாடாக்கள் எல்லாம் இப்போது என்னிடம் சுத்தம் செய்ய வருகின்றன. ஒரு மணி நேரப் பதிவை ஓடவிட்டால் போதும், பிராசஸர் சூடேறி எல்லா ஃபேனும் ஒன்றாகக் கத்த ஆரம்பிக்கின்றன. உள்ளறை எவ்வளவு சின்னது என்று உனக்கே தெரியும். காதில் விழும் இரைச்சல் நாடாவில் இருக்கிறதா, மேசைக்கடியில் இருக்கிறதா என்று புரிவதில்லை. ஒரு பாடகியின் மூச்சை இரைச்சல் என்று நினைத்துச் சுரண்டி எடுத்துவிட்டேன். “அம்மா, அவங்க மூச்சு விடாமலா பாடினாங்க?” என்று கேட்டு நிலையத்தில் திருப்பி அனுப்பிவிட்டார்கள்.

ஆகவே நீ சொன்னபடி ஃபேனைக் குறைத்துத் தண்ணீரால் குளிரவைப்பதுதான் வழி. காகிதத்தில் படம் போட்டுவிட்டேன். தொட்டியிலிருந்து பம்ப், பம்ப்பிலிருந்து பிராசஸர் மேலிருக்கும் தகடு, அங்கிருந்து ரேடியேட்டர், மறுபடி தொட்டி. ஒரு சந்தேகம். தெருமுனைக் கடைக்காரர் அலுமினிய ரேடியேட்டர் ஒன்றை என் தலையில் கட்டப் பார்க்கிறார். தகடு செம்பு. இரண்டும் ஒத்துப்போகுமா? அவர் “தண்ணிக்கு என்னம்மா தெரியும்” என்கிறார்.

பெட்டி எப்படிச் சத்தம் போடுகிறது என்று வார்த்தையில் எழுதச் சொல்லியிருந்தாய். சிரிப்பாக வந்தது. போனைப் பக்கத்தில் வைத்தால் நீயே கேட்டுவிடலாம். ஆனால் அங்கே போன் சரிப்படவில்லை, கடிதமே போடு என்கிறாய். சரி, எழுதுகிறேன். தூரத்தில் கூட்டமாக ஆட்கள் பேசினால் ஒரு சொல்லும் புரியாமல் காதில் விழுமே, அப்படி இருக்கிறது.

அப்படி எழுதும்போதே அப்பாவின் நினைப்பு வருகிறது. அம்மா போன பிறகு அவருக்குக் கூடத்தில் இருப்புக்கொள்ளவில்லை. பகலெல்லாம் என் அறையில், பெட்டிக்குப் பக்கத்தில் நாற்காலி போட்டுக் கண்ணை மூடி உட்கார்ந்திருக்கிறார். டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் இருந்த காலத்தில் காதுக்கருவியை அழுத்திப் பிடிப்பாராமே, அதேபோல் வலது காதில் கையை வைத்துக்கொள்கிறார். நேற்று நான் ஹெட்போனைக் கழற்றினபோது, “ம்... சரி, சொல்றேன்” என்றார். யாரிடம் பேசுகிறீர்கள் என்று கேட்டேன். “உங்கம்மாகிட்டதான்” என்றார், பால்காரரிடம் என்பதைப் போல.

உடம்பைப் பார்த்துக்கொள். ரேடியேட்டர் விஷயத்துக்கு உடனே பதில் போடு.

அன்புடன்,
உன் அக்கா

———

அன்புள்ள தம்பிக்கு,

உன் பதில் கிடைத்தது. செம்போடு அலுமினியத்தைச் சேர்த்தால் உள்ளுக்குள்ளேயே அரித்துவிடும் என்று நீ எழுதியதைக் கடைக்காரரிடம் படித்துக் காட்டினேன். முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு செம்பு ரேடியேட்டரை எடுத்துக் கொடுத்தார். பெரிய ஃபேனாகப் போட்டு மெதுவாகச் சுற்றவிடு, அதிர்வு தெரியாமல் பம்ப்புக்கடியில் பஞ்சு மெத்தை வை என்றாய். எல்லாம் வாங்கியாயிற்று. டியூப்பைத்தான் அளவு தவறி வெட்டிவிட்டேன். ஒரு முழம் வீண்.

அப்பாவை டாக்டரிடம் கூட்டிப்போனேன். தேதி, கிழமை, கூட்டல் கழித்தல் எல்லாவற்றுக்கும் டக்டக்கென்று பதில் சொன்னார். வெளியே வரும்போது, “உங்க ஏசி மெஷின்ல ஒரு அம்மா ரொம்ப நேரமா அழுதுட்டிருக்காங்க, பாருங்க” என்று டாக்டரிடம் சொன்னார். டாக்டர் சிரிக்கவில்லை. துக்கம் இப்படியும் வெளியே வரும், விட்டுப்பிடியுங்கள் என்று மட்டும் என்னிடம் சொன்னார்.

எனக்கும் இது புதிதில்லை. இரைச்சலையே கேட்டுக்கொண்டிருந்தால் காது தானாக வார்த்தை கோக்கும். என் தொழிலில் எல்லோருக்கும் நடப்பதுதான். அப்படிச் சொல்லித்தான் என்னைத் தேற்றி வைத்திருந்தேன்.

ஆனால் போன வாரம் மத்தியானம் அப்பா கண்ணைத் திறந்து, “சின்னவன் ரூம் மாத்திட்டானா?” என்று கேட்டார். நீ மாறினது எனக்கே உறையின் பின்புற முகவரியைப் பார்த்துத்தான் தெரியும். அப்பாவிடம் நான் சொல்லவில்லை. உறையையும் அவர் பார்க்கவில்லை. “ஜன்னலை ஒட்டி ரயில் போகுதாம். கட்டில் ஆடுதாம். இவன் அசையாமத் தூங்கறானாம். அது நல்லதுக்கில்லைங்கறா உங்கம்மா” என்றார்.

நீ தூங்கினால் அம்மாவுக்கு என்ன கஷ்டம் என்று கேட்டேன். “எனக்கும் அதான் புரியலை. லைன்ல இன்னும் கரகரப்பு இருக்கு. நாளைக்குத் தெளிவாச் சொல்வா” என்றார்.  நான் போய் உன் கடித உறையை மறுபடி எடுத்துப் பார்த்தேன்.

தண்ணீர் விடப்போகிறேன், இனிமேல் பெட்டி சத்தமே போடாது என்று அப்பாவிடம் சொன்னபோது அவர் என்னைப் பார்த்த பார்வை நன்றாக இல்லை. “சத்தத்தை நிறுத்திட்டா அவ எதுல பேசுவா?” என்றார். அவர் அந்த நாற்காலியை விட்டு எழுந்து மனிதர்களோடு பேசவேண்டும் என்பதற்காகவும்தான் இதைச் செய்கிறேன். நான் செய்வது சரிதானே?

நீ இருக்கும் இடத்தில் ரயில் போகிறதா? இல்லை என்று ஒரு வார்த்தை எழுது. அது போதும் எனக்கு.

அன்புடன்,
உன் அக்கா

———

தம்பிக்கு அன்புடன்,

‘ஆமாம், ரயில் போகிறது, உனக்கு யார் சொன்னது?’ என்று எழுதிவிட்டு, டியூப்பை எந்தக் கோணத்தில் வளைக்கலாம் என்று மிச்சத்தை நிரப்பியிருக்கிறாய். உன்னை என்ன செய்வது?

பெட்டி தயார். நீ எழுதியபடி கம்ப்யூட்டரை இயக்காமல், மின்சாரத்தைப் பம்ப்புக்கு மட்டும் கொடுத்து, மூட்டுகளுக்கடியில் காகிதம் விரித்துக் கசிவு பார்த்தேன். ஒரு சொட்டு இறங்கவில்லை. கடைக்காரர் பாராட்டுவார் என்று படம் எடுத்துப் போய்க் காட்டினேன். “உங்க வீட்டுக் குழாயே ஒழுகுதும்மா, இது எப்படி ஒழுகாம இருக்கு” என்றார்.

தண்ணீர் முதலில் ஓடினபோது உள்ளே மாட்டிக்கொண்ட காற்று வெளியேறிற்று. குமிழிகள் தகட்டுக்குள் புகுந்து வரும்போது, தண்ணீருக்கடியில் யாரோ தொண்டையைச் செருமுவது போல ஒரு சத்தம். நாற்காலியிலிருந்த அப்பா எழுந்து நின்றுவிட்டார். “ஏன் இப்படி மூழ்கிப்போய்ப் பேசறே? ஒண்ணும் புரியலையே” என்று தொட்டியைப் பார்த்துக் குனிந்து கேட்டார். நான் சமாதானம் சொல்லச் சொல்ல, “இரு, இரு, சின்னவனைப் பத்தி ஏதோ சொல்றா” என்று என் கையைத் தட்டிவிட்டார். அதற்குள் கடைசிக் குமிழி மேலே வந்து உடைந்தது. அவ்வளவுதான். அறையில் சத்தமே இல்லை.

நீ கேட்பாய் என்பதால் எழுதுகிறேன். நீ சொன்னது பலித்தது. பெட்டி ஓடுகிறதா என்று தெரிந்துகொள்ள விளக்கைப் பார்க்கவேண்டியிருக்கிறது. பழைய பதிவில் ஒருவர் தாளைப் புரட்டுவதுகூடக் கேட்கிறது. இத்தனை நல்ல அமைதியில் நான் வேலை செய்ததே இல்லை. இத்தனை பயத்திலும் செய்ததில்லை.

அப்பா, “லைன் கட்டாயிடுச்சு” என்றார். கோபமாகச் சொல்லியிருந்தால் தேவலை. எக்ஸ்சேஞ்சில் யாரோ ஒருவரிடம் சொல்வதுபோல அமைதியாகச் சொன்னார். அன்றிலிருந்து வீட்டுக்குள் சத்தத்தைத் தேடி அலைகிறார். மிக்ஸி ஓடினால் வந்து நிற்கிறார். குழாயைத் திறந்துவிட்டுக் காதைக் கொடுக்கிறார். முந்தாநாள் ஃபிரிட்ஜில் காதை ஒட்டி வைத்துக்கொண்டிருந்தவர், சட்டென்று பின்வாங்கிக் கையைத் துடைத்துக்கொண்டார். அம்மாவா என்று கேட்டேன். கேட்டிருக்கக் கூடாது.

“இல்லை. இது வேற யாரோ. நம்மளைத் தெரியாதவங்க” என்றார். “நீ இதுகிட்ட நின்னு பேசாதே. உன் பேரைக் கேட்டுட்டிருக்காங்க.”

இப்போது ஃபிரிட்ஜைத் திறக்கும்போதெல்லாம் வாயை மூடிக்கொண்டு திறக்கிறேன். சிரிக்காதே. அப்பா சரியாகச் சாப்பிடுவதில்லை. பிடிவாதமெல்லாம் இல்லை, தட்டில் ஸ்பூன் படும் சத்தம் தொந்தரவாக இருக்கிறதாம், அம்மா கூப்பிட்டால் காதில் விழாமல் போய்விடுமாம்.

நான் என்ன செய்யட்டும்? பம்ப்பைப் பற்றி எழுதாதே. இதைப் பற்றி எழுது.

உன் அக்கா

———

என் அன்புத் தம்பிக்கு,

உன் பதிலுக்குக் காத்திருக்கவில்லை. பரணில் போட்டிருந்த பழைய ஃபேன்களை எடுத்து, கம்பியை மட்டும் இணைத்து, மேசைமேல் வரிசையாக நிறுத்தி ஓடவிட்டேன். குளிரவைக்க அவற்றுக்கு எதுவுமில்லை. சும்மா சுவரைப் பார்த்து ஊதின. கூடத்திலிருந்த அப்பா தானாகவே எழுந்து வந்தார். நாற்காலியில் உட்கார்ந்து காதில் கையை வைத்தார். நானும் பக்கத்தில் தரையில் உட்கார்ந்துகொண்டேன். வெளியே நல்ல வெயில். எதிர்வீட்டில் துணி உதறிக்கொண்டிருந்தார்கள்.

எனக்கு வார்த்தை எதுவும் கேட்கவில்லை. அதை உள்ளபடியே சொல்லிவிடுகிறேன். ஆனால் அப்பா, “இருக்கியா?” என்று கேட்டபோது எல்லா ஃபேனும் ஒன்றாக வேகம் தணிந்தன. அவர் கேட்டு முடிக்கும்வரை தணிந்தே சுற்றின. பிறகு ஏறின. அவர் ‘ம்’ சொன்னபோதெல்லாம் மறுபடி தணிந்தன. கம்ப்யூட்டர் திரையில் காட்டும் சூட்டின் அளவு ஏறவுமில்லை, இறங்கவுமில்லை; வேகம் மாற அது காரணமில்லை. பேசுகிறவரைப் பேசவிட்டு, தன் முறைக்குக் காத்திருந்து பேசுவது அம்மாவின் வழக்கம். நம் வீட்டில் வேறு யாருக்கும் அந்தப் பொறுமை கிடையாது.

வெகுநேரம் கழித்து அப்பா காதிலிருந்து கையை எடுத்தார். “சின்னவனுக்குக் கேக்கலையாம்” என்றார்.

என்ன கேட்கவில்லை என்றேன். “எதுவுமே. ஃபாக்டரில ஏதோ வெடிச்சிருக்கு. அப்புறம் ரெண்டு காதும் போயிடுச்சாம். அவ கூப்பிட்டுக் கூப்பிட்டுப் பாத்திருக்கா. அவன் திரும்பலையாம். எழுதித்தான் சொல்லணுமாம் அவனுக்கு. அவளால எழுத முடியாதுல்ல? அதான் என்கிட்ட வந்திருக்கா.”

நான் நம்பவில்லை என்று சொல்லத்தான் எழுந்தேன். அப்பா எதிரிலேயே உன் ஃபாக்டரிக்குப் போன் செய்தேன். எடுத்த பெண்ணிடம் உன்னோடு பேசவேண்டும் என்றேன்.  “அவர்கிட்ட போன்ல எப்படிங்க பேசுவீங்க? வீட்டுக்குத் தெரியும்னுதானே அவர் சொன்னார்?” என்றாள்.

நன்றி சொல்லி வைத்துவிட்டேன். நான் அழவில்லை. அப்பாதான் என் தலையில் கை வைத்தார்.

இப்போது யோசித்தால் எல்லாம் புரிகிறது. பெட்டியின் சத்தத்தை எழுதிக் காட்டச் சொன்னாய். தண்ணீர் ஓடும்போது எப்படிச் சத்தம் வருகிறது என்று எழுதும்படி அடுத்த கடிதத்திலும் மறக்காமல் கேட்டாய். நான் அதைக் கிண்டல் செய்தேன். நீ அந்த அறையில் உட்கார்ந்து, நான் எழுதினதைப் படித்துப் படித்துக் கேட்டுக்கொண்டிருந்திருக்கிறாய்.

அன்று மாலை ஃபேன்கள் சாதாரணமாகத்தான் சுற்றின. அப்பா சிறிது நேரம் உட்கார்ந்து பார்த்துவிட்டு, “போனை வெச்சுட்டா” என்றார். அவரே எழுந்து அவற்றை நிறுத்தினார். இரவு இரண்டாம் தடவை சோறு போடச் சொல்லிக் கேட்டு வாங்கிச் சாப்பிட்டார். நாற்காலியைக் கூடத்துக்குக் கொண்டுவந்து வாசலைப் பார்த்துப் போட்டிருக்கிறார். வீடு நிசப்தமாக இருக்கிறது. அந்த நிசப்தம் எனக்கு இன்னும் பழகவில்லை.

ஏன் மறைத்தாய் என்று கேட்கமாட்டேன். எப்படி நடந்தது என்றும் நீயாகச் சொல்லும்வரை கேட்கமாட்டேன். இங்கே உன்னை யாரும் எதையும் கேட்கச் சொல்லிக் கட்டாயப்படுத்தப் போவதில்லை. அப்பா பெரிய எழுத்தில் எழுதிப் பழகிக்கொண்டிருக்கிறார். அவர் கையெழுத்துதான் உனக்குத் தெரியுமே, சத்தம் கேட்பதே மேல் என்று தோன்றும். உன் படுக்கையைத் தட்டி வெயிலில் போட்டுவிட்டேன்.

புறப்பட்டு வா, ராஜா. தகவல் சொல்லிவிட்டு வரவேண்டும் என்றுகூட இல்லை. எந்த நேரமானாலும் வந்து கதவைத் தட்டு. நாங்கள் கேட்டுக்கொள்கிறோம்.

உனக்காகக் காத்திருக்கும்
அக்காவும் அப்பாவும்