மேஜைமேல் வைத்த கால்

என் தங்கத்துக்கு,

அப்பாவின் பணிப் பதிவில் விட்டுப்போன பதக்கத்தைச் சேர்க்கச் சொல்லி இன்றும் ராணுவ ஆவண அலுவலகத்துக்குப் போனேன். போன தடவை, "பதக்கத்தைக் கண்ணால பார்த்தாத்தான் எழுதுவோம்" என்று விரட்டினார்கள். இன்று கொண்டுபோய் நீட்டினேன். அந்த மூக்குக்கண்ணாடி மகராசன் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "பதிவுலயே இல்லாத பதக்கம் உங்க கைக்கு எப்படிம்மா வந்துச்சு?" என்கிறான். இந்த மூளைக்கு மாதாமாதம் சம்பளம் வேறு!

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. பையிலிருந்து அப்பாவின் செயற்கைக் காலை எடுத்து அவனுடைய டீ தம்ளருக்குப் பக்கத்தில் வைத்தேன்.

"இதுல உங்க ராணுவ முத்திரை இருக்கு. இதையும் நாங்க திருடினோமா?"

அந்தக் கண்ணாடித் துரை தம்ளரைப் பத்திரமாக நகர்த்தினார். "அவரையே ஒரு நடை வரச் சொல்லுங்களேன்."

"கால் உங்க மேஜைமேல இருக்குய்யா. எப்படி வருவாரு?"

பக்கத்து மேஜைக்காரி சிரித்துவிட்டாள். அதற்கப்புறம்தான் அவனுக்குப் பேனா கிடைத்தது. "மூணு மாசத்துல சேர்த்துடுவோம்" என்றான். மூன்று மாதமாம்!

வீட்டுக்கு வந்து காலைப் பரண்மேல் போட்டேன். கட்டிலைவிட்டு எழாத அப்பா இப்போதெல்லாம் அதைக் கேட்பதேயில்லை.

நீ லீவு வரட்டும் என்று இருக்காதே.

அம்மா