பெட்டி கட்டும் அம்மா

கீமராஸ் தீவு,
ஞாயிறு, பூசை முடிந்து

அன்புள்ள மாரிவிக்,

இங்கே நாங்கள் நலம். நீயும், நீ பார்த்துக்கொள்ளும் அந்த வீட்டுப் பையனும் நலமாயிருக்க வேண்டிக்கொள்கிறேன். தினமும் போனில் முகம் பார்க்கிறோமே, கடிதம் எதற்கு என்று சிரிப்பாய். போனில் பேசும்போது நம் மகள் மயூமி என் மடியில் இருக்கிறாள். இது அவள் காதில் விழக்கூடாத சேதி. அதனால் ஹாங்காங் திரும்பும் நெனிட்டாவிடம் கொடுத்தனுப்புகிறேன்.

மாமரம் இந்த வருஷம் நன்றாகக் காய்த்திருக்கிறது. சவாரி ஓட்டும் டிரைசைக்கிளுக்குப் புது டயர் போட்டாயிற்று. என் முதுகுவலி அப்படியே இருக்கிறது. அதற்காவது என்னை விட்டுப் போக மனசில்லை.

ஜூனில் மயூமி கிண்டர்கார்டன் போகவேண்டும். இன்னும் எழுத்து வரவில்லையே, டேகேரில் நாள் முழுக்க விளையாட்டுதானா என்று கேட்டுக்கொண்டே இருந்தாய். எனக்கும் அதே கோபம்தான். போன வாரம் பிள்ளைகளுக்குக் கஞ்சி காய்ச்சும் முறை எனக்கு வந்தது. சட்டியை இறக்கியதும் டீச்சர் குளோரியிடம், "இதுங்க எப்பத்தான் டீச்சர் படிக்கும்?" என்று கேட்டேவிட்டேன். "இப்பப் படிச்சிட்டுத்தான் இருக்காங்க. சும்மா உக்காந்து பாருங்க" என்றார். பிள்ளைகள் நாற்காலியில் உட்கார்ந்தேன். பாதி உடம்புதான் கொண்டது.

வீடு விளையாட்டு. மயூமிதான் அம்மா. மற்ற பெண்கள் சிரட்டையில் சோறாக்க, இவள் ஓர் அட்டைப்பெட்டியை இழுத்துவந்தாள். சீப்பு, காலி சோப்பு உறை, யாருடைய செருப்போ ஒன்று, எல்லாவற்றையும் அடுக்கிக் கயிறு சுற்றினாள். "அம்மான்னா சோறாக்கணும்டி, உனக்கு ஒண்ணுமே தெரியல" என்று ஒரு வாயாடி அதட்டினாள். "எங்கம்மா பெட்டிதான் கட்டுவாங்க" என்றாள், நீ அங்கே சாமான் பெட்டி கட்டி அனுப்புவதைப் போனில் பார்த்தே வளர்ந்த உன் மகள். பிறகு பொம்மையிடம், "அழாத, கிறிஸ்மஸுக்குப் பெட்டி வரும்" என்று சொல்லிவிட்டு வாசலுக்கு வெளியே போய் நின்று கையசைத்தாள். ஒரு பிள்ளையும் சிரிக்கவில்லை. பாதிப் பேருக்கு அம்மா அப்படித்தானே.

டீச்சர் மெதுவாக, "அம்மா ஊர்லேர்ந்து வந்துட்டாங்களாம். உள்ள வாங்கம்மா" என்றார். மயூமி உள்ளே வந்தாள். வந்தவள் அப்படியே நின்றாள். "வந்த அம்மா என்ன செய்வாங்க, டீச்சர்?" என்று கேட்டாள். நீயே சொல்லேன் என்றார் அவர். அவளுக்குத் தெரியவில்லை. என்னைத் திரும்பிப் பார்த்தாள்.

நீ போனபோது அவள் தவழ்ந்துகொண்டிருந்தாள். நடுவில் வந்த விடுமுறையையும் வீடு கட்டும் செலவுக்காக விட்டுக்கொடுத்தாய். எதையாவது சொல்லியிருக்கலாம். கஞ்சி ஆறுகிறது என்று எழுந்துவிட்டேன். நீ வேண்டும் போலிருந்தது, மாரிவிக். அந்த இடத்திலேயே, அப்போதே.

இன்னும் இரண்டு வருஷத்துக்கு வேலை ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போடட்டுமா என்று கேட்டாய். உன் இஷ்டம் என்றேன். என் இஷ்டத்தை நீ கேட்கவில்லை, இப்போது எழுதுகிறேன்: போடாதே. புது அறை கூரையில்லாமல் நிற்கிறது, நிற்கட்டும். மழை பெய்தால் பழைய அறையில் மூன்று பேரும் ஒண்டிக்கொள்ளலாம்.

மாதா உன்னைப் பத்திரமாகக் கரை சேர்க்கட்டும். பள்ளி திறப்பதற்குள் வந்துவிடு. எழுத்தையெல்லாம் டீச்சர் சொல்லிக்கொடுத்துவிடுவார். வீட்டுக்கு வந்த அம்மா என்ன செய்வாள் என்பதை மட்டும் இங்கே யாராலும் சொல்லிக்கொடுக்க முடியவில்லை.

உன்னுடைய,
அர்னெல்