பிளாஸ்மாவில் நீ கூட்டிய நீலம்

மச்சி,

இன்று காலை உன் வீட்டு பிளாஸ்மா டி.வி.யைச் சுவரிலிருந்து கழற்றினேன். உன் மகள் புதிதாக ஒன்று வாங்கிவிட்டாள். தகடு மாதிரி இருக்கிறது, ஒரு கையால் தூக்கிவிடலாம். கழற்றுவதற்கு முன்னால் பழையதைக் கடைசியாக ஒருமுறை போட்டுப் பார்த்தேன். ஐந்து நிமிடத்தில் சூடேறி, பின்பக்கத் துவாரங்களில் படிந்திருந்த தூசி காயும் வாசனை வந்தது. நீ பக்கத்தில் நின்றுகொண்டு, "இன்னும் கொஞ்சம் ஏத்து மச்சி" என்று சொல்வது போலவே இருந்தது.

அதை மாட்டிய ஞாயிற்றுக்கிழமையை நினைத்துக்கொண்டேன். மந்தைவெளியில் உங்கள் இரண்டாவது மாடிக்கு அதை நாம் இருவரும் தூக்கிக்கொண்டு ஏறியதில் எனக்கு இடுப்பு பிடித்துக்கொண்டது. நான் டி.வி. மெக்கானிக். நீ தி.நகர் மேட்சிங் சென்டரில் முப்பது வருடமாக ரவிக்கைத் துணி வெட்டிக் கொடுப்பவன். வந்தவள் புடவையைப் பிரித்து முடிப்பதற்குள் உன் கை அலமாரியில் சரியான துணியின் மேல் இருக்கும். எடுத்த துணியையும் புடவையையும் கடை வாசலுக்குக் கொண்டுபோய்ச் சேர்த்துப் பார்க்காமல் கத்தரியைத் தொட மாட்டாய். "கடை லைட்டை நம்பாதம்மா, வெயில்ல பாரு" என்பாய். பாசிப்பச்சைக்கும் கிளிப்பச்சைக்கும் நடுவே இன்னும் மூன்று பச்சை இருக்கிறது என்று நீ சொன்னால் நாங்கள் தலையாட்டுவோம். உன் கண்ணோடு யார் வழக்காடுவது?

அதனால்தான் ரிமோட்டை நீ பிடுங்கியபோது பேசாமல் கொடுத்துவிட்டேன். நான் வைத்த செட்டிங்ஸ் எதுவும் உனக்குப் பிடிக்கவில்லை. "இன்னா மச்சி, மல்லிப்பூ பழுப்பா கீது? வெள்ளையா இருக்க வாணாமா?" என்றாய். சிவப்பைக் குறைத்தாய், நீலத்தைக் கூட்டினாய், போதாது என்று இன்னும் கூட்டினாய். ஒரு மணி நேரம் கழித்து, "இப்பதான் வெள்ளை வெள்ளையா கீது" என்று திருப்தியாகச் சாய்ந்து உட்கார்ந்தாய். செய்தி வாசித்த பெண் அப்போதுதான் நாவல்பழம் தின்றுவிட்டு வந்தவள் மாதிரி இருந்தாள். உன் மகள் சிரிப்பை அடக்க முடியாமல் சமையலறைக்கு ஓடினாள்.

நான் சந்தேகப்பட்டது டி.வி.யை. உன் கண் தப்பாகப் பார்க்கும் என்று எனக்குத் தோன்றவே இல்லை. பேனலில்தான் கோளாறு என்று முடிவு கட்டி இரண்டு முறை பின்பக்கத்தைத் திறந்து பார்த்தேன். விற்ற கடைக்காரரோடு சண்டைக்குப் போனேன். பாவம், அவரே நேரில் வந்து எல்லாவற்றையும் பழையபடி வைத்துக் காட்டி, "நல்லாத்தான சார் இருக்கு" என்று சொல்லிவிட்டுப் போனார். அவர் படி இறங்கி முடிப்பதற்குள் நீ மறுபடியும் நீலத்தைக் கூட்டிவிட்டாய்.

மூன்றாவது முறை டூல்ஸ் பையோடு வந்தபோது உன் மனைவி மாடிப்படியிலேயே என்னை நிறுத்தினாள். நீ குளித்துக்கொண்டிருந்தாய். தண்ணீர் விழும் சத்தம் கேட்டது.

"டி.வி.ய ஒண்ணும் பண்ணாதண்ணா. கோளாறு அதுல இல்ல, அவரு கண்ணுல. கடையில வெள்ளை கேட்டவங்களுக்கு சந்தன கலரை வெட்டிக் குடுத்துட்டாராம். ரெண்டு வாட்டி துணி திரும்பி வந்துகீது. டாக்டர்கிட்ட காட்டலாம்னா கத்துறாரு. கண்ணு போச்சுன்னு தெரிஞ்சா கவுண்டர்ல நிக்க வுட மாட்டாங்கன்னு பயம். நீ சொன்னா கேப்பாரு."

"டி.வி.?" என்று கேட்டேன்.

"அது அப்டியே இருக்கட்டும். அவருக்கு வெள்ளை வெள்ளையா தெரிஞ்சா போதும். நாங்க நீல மூஞ்சியையே பாத்துக்கிறோம்" என்றாள்.

நான் சொல்கிறேன் என்று அவளிடம் வாக்குக் கொடுத்தேன். சொல்லவில்லை. மூன்று வாரம் ஓடியது. தினமும் சாயங்காலம் டீக்கடையில் பார்த்தோம். நாக்கு நுனிவரை வந்தது திரும்பிப் போய்விடும். உன் கோபத்துக்குப் பயந்தேன். அதைவிட, அந்தக் கண்ணை நம்பியே வாழ்ந்த உன்னிடம் போய் அது சரியில்லை என்று சொல்ல எனக்கு மனசு வரவில்லை. அந்த மூன்றாவது வாரத்தில்தான் ஒரு கல்யாண வீட்டார் நீ வெட்டிக் கொடுத்த துணி அத்தனையையும் கவுண்டரில் வீசிவிட்டுக் கத்தினார்கள். கடையே பார்க்க நீ தலைகுனிந்து நின்றாய் என்று உன்னோடு வேலை பார்த்தவர் வந்து சொன்னார்.

மறுநாள் உச்சி வெயிலில் உன் கடைக்கு வந்தேன். வெள்ளையில் ஒரு துண்டு, சந்தனத்தில் ஒரு துண்டு எடுத்துக்கொண்டு உன்னை வாசலுக்கு இழுத்துப் போய், "வெயில்ல பாரு" என்றேன். நீ துணியைப் பார்க்கவில்லை, என்னைத்தான் பார்த்தாய். "கண்ணுலதான் கோளாறு மச்சி" என்று சொல்லிவிட்டேன். நான் பயந்த சண்டை வரவே இல்லை. "சரி, எந்த ஆஸ்பத்திரி?" என்று மட்டும் கேட்டாய்.

கண்புரை எடுத்துக் கட்டுப் பிரித்த அன்று, வீட்டுக்கு வந்ததும் டி.வி.யைப் போட்டு அலறினாயே! "அடப்பாவிங்களா, இத்தினி நாளா இதையா பாத்துக்கினு இருந்தீங்க?" கண்ணைக் கசக்கக் கூடாது என்று டாக்டர் சொல்லியும் கேட்காமல், சிரித்துச் சிரித்துத் துடைத்துக்கொண்டாய். மறுபடி கவுண்டருக்குப் போனாய். அதன் பிறகு நீ உயிரோடு இருந்த வருடமெல்லாம் பார்த்தவர்களிடம் எல்லாம் சொன்னாய்: "எல்லாரும் மறைச்சாங்க. இவன் ஒருத்தன்தான் மூஞ்சிக்கு நேரா சொன்னான்." நான் டீ கிளாஸைப் பார்த்துக் குனிந்துகொள்வேன். முன்பே தெரிந்தும் மூன்று வாரம் விழுங்கிக்கொண்டிருந்தேன் என்று உன்னிடம் கடைசிவரை சொல்லவில்லை.

இன்று டி.வி.யை இறக்கி வைத்துவிட்டு உன் மனைவியிடம் இதைச் சொன்னேன். யாரிடமாவது சொல்லியாக வேண்டும் போல் இருந்தது.

"அவருக்குத் தெரியும்ணா" என்றாள். "அன்னிக்கு நாம படியில பேசினத, தண்ணிய நிறுத்திட்டு கேட்டுக்கினு இருந்தாராம். நீ போனதும் அவரே சொன்னாரு. அப்ப நாளைக்கே ஆஸ்பத்திரி போலாம் வான்னேன். 'இரு, அவன் வந்து சொல்லட்டும். அவன் வாயால கேட்டா எனக்கு பயம் இருக்காது'ன்னாரு."

அந்தப் பெட்டிக்குப் பக்கத்திலேயே தரையில் உட்கார்ந்துவிட்டேன். நீ கொடுத்த நல்ல பேரை இத்தனை வருடம் கூச்சத்தோடு வைத்துக்கொண்டிருந்தேன். இனிமேல் அந்த மூன்று வாரத்தையும் சேர்த்து வைத்துக்கொள்ள வேண்டும். தினமும் சாயங்காலம் என் எதிரே உட்கார்ந்து, இன்றைக்காவது இவன் வாயைத் திறப்பானா என்று என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்திருக்கிறாய் மச்சி. நான் கிரிக்கெட் பேசிக்கொண்டிருந்தேன்.